கங்காணி எண்ணும் வீடு

பேய் என்று உலகத்தில் எதுவும் கிடையாது, லேபிள் ஒட்டப்படாத பொருட்கள் மட்டுமே உண்டு என்பது ஹஸ்மியின் கண்டுபிடிப்பு. மனிதகுலம் நெருப்பைக் கண்ட பிறகு செய்த ஒரே உருப்படியான காரியம் லேபிள் ஒட்டியதுதான் என்றும் அவன் சொல்வான். சிரிக்காமல் சொல்வான். ஓர்ஸ் ஹில்லில் உள்துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் அந்தப் பழைய வாடகை வீட்டில், அவன் வேலைக்கு வந்த நாளிலிருந்து கதிரையில் ‘வகை: கதிரை’ என்றும், குளிர்சாதனப் பெட்டியில் ‘குளிர்ச்சி: ஓரளவு’ என்றும் வெள்ளைச் சீட்டுகள் ஒட்டியிருந்தன. அலுமாரியின் உட்பக்கத்தில் ‘உட்பக்கம்’ என்றிருந்தது.

ஆகவே அந்த வெள்ளிக்கிழமை, அசர் தொழுகைக்குப் பிறகு, மழைக்குள் ரோல்ஸ் வாங்கப் போன நிசாந்தன் வாசற்கதவால் வராமல் பின்னால் கணினிகள் ஓடும் இயந்திர அறைக்குள்ளிருந்து நடந்து வந்து, ஒரு துளி ஈரமில்லாமல் தன் கதிரையில் உட்கார்ந்தபோது, ஹஸ்மிக்கு முதலில் தோன்றியது பயமல்ல. அலுவலகத்தின் ஒரே குடை எங்கே என்ற கேள்விதான்.

அந்த வீட்டில் வேலை செய்தவர்கள் இரண்டே பேர். கிண்ணியாவிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து வரும் ஹஸ்மி. வெருகல் பக்கத்துக்காரனான, லிங்கநகரில் அறை எடுத்திருந்த நிசாந்தன். ஐஸ் ஆலைக்காரர்கள், படகுச் சொந்தக்காரர்கள், மீன் ஏற்றுமதி செய்பவர்கள் என்று துறைமுகத்தைச் சுற்றியிருந்தவர்களின் தரவுத்தளங்களைச் சாகாமல் பார்த்துக்கொள்வது அவர்களுடைய தொழில். ஒவ்வொரு தரவுத்தளமும் மென்பொருளால் செய்த ஒரு கொள்கலனுக்குள் அடைபட்டிருக்கும். ஒன்று விழுந்தால் இன்னொன்று எழும்ப வேண்டுமே, அதனால் பிரதிகளும் இருக்கும். இவற்றை மேய்ப்பது மனிதர் அல்ல, ஒரு நிரல். இருவரும் அதைக் கங்காணி என்று கூப்பிட்டார்கள்.

கங்காணிக்குக் கண் கிடையாது. லேபிள் மட்டும்தான் தெரியும். ‘ஐஸ் ஆலை’ என்ற லேபிளோடு மூன்று வேண்டும் என்று எழுதி வைத்தால் மூன்று இருக்கும். ஒன்றின் லேபிளை உரித்துவிட்டால், அது உயிரோடு ஓடிக்கொண்டிருந்தாலும் கங்காணிக்கு அது இல்லை. அதேபோல இன்னொன்றைச் செய்து வெற்றிடத்தில் வைக்கும். உரித்ததைத் திரும்ப ஒட்டினால் ஒன்று கூடிப்போகும். கூடியதைக் கொல்லும். கோபமில்லாமல், வேலையாக.

லேபிளைத் தவிரக் குறிப்பு என்றும் ஒன்று உண்டு. ஒவ்வொரு கொள்கலனின் மேலும் மனிதர் வாசிப்பதற்காக மனிதர் எழுதி வைப்பது. அவர்களுடைய கங்காணி அதைத் திரும்பியும் பார்க்காது. நிசாந்தன் பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதுவான்: ‘இது மெதுவாகத்தான் எழும்பும், பாவம், அவசரப்படுத்த வேண்டாம்.’ ஹஸ்மி ஒன்றையும் வாசித்ததில்லை. கங்காணியே வாசிக்காததை நான் ஏன் வாசிக்க வேண்டும் என்பது அவன் கட்சி.

அன்று காலையில்தான் அவன் அந்தப் பகிடியைச் செய்திருந்தான்.

“நம்மட ரெண்டு பேரையும் கங்காணிட்டக் குடுத்திட்டன் மச்சான். லேபிள், ஊழியர். வேண்டியது ரெண்டு. வாசற்கதவையும் அதோட கொளுவி விட்டிருக்கன். லேபிள் இல்லாத ஆளுக்குக் கதவு திறக்காது.”

நிசாந்தன் சிரிக்கவில்லை. “என்ர பேரை அதில போடாத.”

“ஏன், ஒன்ட பேருக்கு என்ன?”

“போடத்தான் வேணுமெண்டா குப்பை எண்டு போடு.”

நிசாந்தனுக்கு முன் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. மூன்றாவதாக வந்தவனைச் சாவு கண்டுகொள்ளாமல் போகட்டும் என்று வீட்டில் குப்பை என்றே கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான் நிசாந்தன்.

ஹஸ்மி கதிரையோடு சுற்றித் திரும்பினான். “அப்ப சாவு வந்து வாசல்ல நிண்டு, லேபிளை வாசிச்சுப் பார்த்திட்டு, ஸொறி, பிழையான வீடு எண்டு போட்டுப் போகுமோ? ஒங்கட ஊர்ல சாவுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கவும் தெரியுமோ?”

“நான் இருக்கிறன்தானே. வேற என்ன சாட்சி வேணும் உனக்கு?”

“யூனிவர்சிட்டி முடிச்ச ஆளடா நீ. இத வெளிய கதைக்காத. எனக்கு வெக்கமா இரிக்கு.”

பின்னேரம் பசித்தது. நிசாந்தன் குடையை எடுத்தபோது ஹஸ்மி விசைப்பலகையில் விரலை வைத்துக்கொண்டு, வேலை நேரத்தில் கடைக்குப் போகிறவரை நிர்வாகம் ஊழியராகக் கணக்கெடுக்காது என்று அறிவித்தான்.

“இந்தா, லேபிளை உரிச்சிட்டன்.”

“உரி, உரி. உனக்கு மீனோ மரக்கறியோ?”

“மீன்.”

கதவு மூடிக்கொண்டது. மழை.

இப்போது அந்த நிசாந்தன் கதிரையில் உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தான். வெளியே வாடைக் காற்று மழையைச் சரித்து யன்னல் கண்ணாடியில் வீசியது. கீழே துறைமுகத்தில் ஏதோ கப்பல் நீண்ட, அடைத்த தொண்டையால் ஒருதரம் கூவி ஓய்ந்தது. ஓட்டிலிருந்து வடிந்த தண்ணீர் கூரைப் பீலி நிரம்பிச் சுவரோரம் கொட்டிய சத்தத்துக்கும், இயந்திர அறையின் விசிறிகள் ஓயாமல் மூச்சு விட்ட சத்தத்துக்கும் நடுவில், நிசாந்தனின் விரல்கள் விசைகளில் விழுந்த சத்தம் மட்டும் ஒருமுறைகூடத் தடுக்காமல், யோசிக்க நிற்காமல், பிழைவிட்டு அழிக்காமல் போய்க்கொண்டிருந்தது. அவனிடமிருந்து ஒரு வாசம் வந்தது. அட்டைப் பெட்டியை முதன்முதல் கிழிக்கும்போது வரும் வாசம். பிளாஸ்டிக்கும் சூடேறாத உலோகமும்.

“ரோல்ஸ் எங்கடா?”

“என்ன ரோல்ஸ்?”

“பின்பக்கத்தால எப்பிடி வந்தாய்?” கேட்ட பிறகுதான் ஹஸ்மிக்கு ஞாபகம் வந்தது. இயந்திர அறைக்கு வெளிக்கதவு கிடையாது. யன்னலும் கிடையாது.

“நான் இங்கதான் இருக்கிறன்.”

அவன் சட்டையில் மடிப்புக் கோடுகள் இருந்தன, கடைத் தாளிலிருந்து பிரித்தெடுத்ததுபோல. நிசாந்தன் நகம் கடிப்பவன். அவன் விரல் நுனிகள் எப்போதும் தோல் உரிந்து சிவந்திருக்கும். விசைகளின் மேலே போய்வந்த அந்த நகங்கள் பத்தும் ஒரே நீளத்தில் இருந்தன.

அவன் தட்டுவதை நிறுத்தித் தலையை நிமிர்த்தினான். “ஹஸ்மி. தயாரோ?”

“என்னத்துக்கு?”

பார்த்துக்கொண்டே இருந்தான். கண் இமைக்கவில்லை. “தயாரோ?”

“ஓம் ஓம், தயார். விடு.”

தலை குனிந்தது. விரல்கள் ஓடின. சற்று நேரத்தில் மறுபடி நின்றன. “ஹஸ்மி. தயாரோ?”

“தயார்,” என்றான் ஹஸ்மி. இந்தமுறை குரல் தணிந்திருந்தது. கங்காணி ஒவ்வொரு கொள்கலனிடமும் இடைவிடாமல் கேட்கும் கேள்வி அது. தயாரா? தயாரா? அதற்கு வேறு கதையே தெரியாது.

வாசலில் யாரோ கதவுக் கண்ணாடியைத் தட்டினார்கள்.

கம்பிகள் பிதுங்கிய குடையை ஒரு கையிலும், சட்டைக்குள் செருகிய பேப்பர் பையை மறுகையிலும் பிடித்துக்கொண்டு நிசாந்தன் நின்றான். தலைமயிர் நெற்றியில் ஒட்டியிருந்தது. உதடுகள் குளிரில் நீலம் பாரித்திருந்தன. தன் நுழைவு அட்டையைப் பூட்டில் வைத்தான்; சிவப்பு விளக்கு. திரும்ப வைத்தான், சிவப்பு. ஏதோ ஏசினான், மழையில் கேட்கவில்லை. பிறகு ஹஸ்மியைத் தாண்டி உள்ளே பார்த்தான். தன் கதிரையில் தெரிந்த முதுகை. அந்தப் பின்னந்தலையை. அவன் வாய் பாதியில் நின்றது.

“திறக்காத,” என்றது கதிரையில் இருந்தது, திரும்பாமலே. “அது ஆரோ.”

உள்ளிருந்து திறக்கக் கதவோரம் ஒரு பொத்தான் இருந்தது. ஹஸ்மிக்கும் அந்தப் பொத்தானுக்கும் நடுவில் இரண்டு கதிரைகளும் ஒரு மேசையும்தான். எந்தச் சிறுவனும் ஓடிப்போய் அழுத்தியிருப்பான். ஆனால் ஹஸ்மி படித்தவன். நடந்தது அவனுக்கு விளங்கிவிட்டது, விளங்கியது ஒரு நிம்மதியைக்கூடத் தந்தது: லேபிளை உரித்தேன், இல்லாமல் போனான், இன்னொன்று வந்தது. வெளியே நிற்பவன் உயிருள்ளவனா, உள்ளே இருப்பது என்ன என்றெல்லாம் அவன் தீர்மானிக்கத் தேவையில்லை. லேபிளைத் திரும்ப ஒட்டினால் ஒன்று கூடும். கூடினால் கடைசியாகச் செய்யப்பட்டதை வெட்டுவதுதான் கங்காணியின் வழக்கம். கடைசியாக வந்தது கதிரையில் இருக்கிறது. விதி பார்த்துக்கொள்ளும்.

அவன் பொத்தானுக்குப் போகவில்லை. விசைப்பலகைக்குப் போனான்.

வெளியே நிசாந்தன் கைப்பேசியை எடுத்து எதையோ வேகமாக எழுதினான். எழுதிவிட்டு, உள்ளங்கையால் கண்ணாடியில் அடித்து, ஹஸ்மியின் திரையைச் சுட்டிக் காட்டினான். பார், பார்.

ஹஸ்மி பார்க்கவில்லை. லேபிளை ஒட்டினான்.

ஊழியர். வேண்டியது: இரண்டு. இருப்பது: மூன்று.

விரல்களின் சத்தம் நின்றது. கதிரையில் இருந்தது கைகளை மடியில் வைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்துத் திரும்பியது.

கங்காணி முதலில் மரியாதையாகத்தான் சொல்லும்: உன் வேலைகளை முடித்துக்கொள். அதற்குக் கொஞ்சம் அவகாசமும் கொடுக்கும். வெளியே நிசாந்தன், தோளில் யாரோ தொட்டதுபோலத் திரும்பினான். அங்கே மழை மட்டும்தான். அவன் கைகள் குடையை மடித்தன. மடியாத கம்பிகளை அழுத்தி மடித்தன. செருப்பைக் கழற்றிச் சுவரோரம் சேர்த்து வைத்தன. கைக்கடிகாரத்தைக் கழற்றின. கைப்பேசி. பேப்பர் பை. எல்லாவற்றையும் ஒரு வரிசையில். ஒழுங்காகக் கடைசி வேலை முடிப்பவனின் கைகள். முகம் மட்டும் கைகளோடு சேரவில்லை. முகம் கத்திக்கொண்டிருந்தது.

“நிசாந்தன்!”

அவகாசம் முடிந்தது.

முதலில் வலது முழங்கை. அது எதிர்ப்பக்கமாக மடிந்தது. காய்ந்த தென்னை மட்டையை முறிக்கும் சத்தம் மழைக்கு மேலால் கேட்டது. பிறகு இடது. அவனை யாரும் தொடவில்லை, சுற்றிவர யாரும் இல்லை, ஆனால் அவன் பின்னந்தலை யாரோ பிடித்ததுபோலப் பின்னுக்குப் போய், முகம் கண்ணாடியில் வந்து மோதியது. மறுபடி. மறுபடி. பல் ஒன்று கண்ணாடியில் கீறிக்கொண்டு வழுகியது. கண்ணாடி வெடித்து வெள்ளை வேர்கள்போல ஓடியது, உடையவில்லை. இரத்தம் வழிந்த இடத்தையெல்லாம் மழை உடனே கழுவியது. கழுவிய இடத்துக்கு மறுபடி முகம் வந்தது. ஒரு கண் ஹஸ்மியைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே கீழே போனது. முழங்கால்கள் நெஞ்சுக்குள் அமுங்கின. விலா எலும்புகள் ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல். அட்டைப் பெட்டியை மடிப்பதுபோல. மூலைக்கு மூலை.

அப்போதுதான் ஹஸ்மி ஓடினான். கதிரையைத் தள்ளினான். விழுந்தான். எழுந்தான். பொத்தானை அடித்தான். கதவு திறந்தது.

வாசற்படியில், சேர்த்து வைத்த செருப்புக்குப் பக்கத்தில், ஒரு சூட்கேஸ் அளவுக்கு இருந்தது. ஒரு காது மேல்பக்கம் தெரிந்தது. அதற்குள் மழைத்தண்ணீர் நிரம்பிக்கொண்டிருந்தது.

“கதவைச் சாத்து,” என்றது பின்னாலிருந்து. “ஏசி போகுது.”

ஹஸ்மி சாத்தினான். ஏன் சாத்தினான் என்று அவனுக்கே தெரியவில்லை. திரையில் கணக்குச் சரியாகியிருந்தது. வேண்டியது இரண்டு, இருப்பது இரண்டு. நீக்கப்பட்ட நிசாந்தனின் பெயர் சாம்பல் நிறமாகி மங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே ஒரு குறிப்பு. வாழ்க்கையில் முதன்முறையாக ஹஸ்மி ஒரு குறிப்பை வாசித்தான்.

‘மச்சான் லேபிளைத் தொடாத. நான் வெளிய நிக்கிறன், எனக்குத் தயாரில்லை எண்டு காட்டுது. தயாரில்லாததைத்தான் முதல்ல வெட்டும். நீதானே படிப்பிச்சனீ. கதவை மட்டும் திற.’

எழுத்துகள் மங்கி மறைந்தன.

கடைசியாக வந்ததை வெட்டுவது இரண்டாவது விதி. அதற்கு மேலே முதல் விதி ஒன்று இருந்தது. போன கிழமை அவனே வெள்ளைப் பலகையில் எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தான்.

ஜும்மா தொழுகைக்காகச் சத்தம் அடக்கியிருந்த ஹஸ்மியின் கைப்பேசி மேசையில் அதிர்ந்தது. குணமணி அம்மா, நிசாந்தனின் தாய். ஹஸ்மி கை நீட்டுமுன் அந்த ஒரே அளவு நகங்கள் அதை எடுத்தன, ஸ்பீக்கரை அழுத்தின.

“தம்பி ஹஸ்மி, இவன் போன் எடுக்கிறான் இல்ல. எங்க இவன் குப்பை? இந்த மழைக்குள்ள வெளிக்கிட்டிட்டானோ?”

“அப்பிடி ஒரு ஆள் இங்க இல்ல,” என்றது, நிசாந்தனின் குரலில்.

“டேய், பகிடியை விடு. குப்பை, உன்னோடதான் கதைக்கிறன்.”

“குப்பை எண்டு ஒண்டும் இல்ல. தேடிப் பார்த்தன்.”

மறுமுனையில் மழை மட்டும் கேட்டது. வெருகலிலும் மழைதான். பிறகு அந்தக் குரல் தணிந்து, ஒரு விலங்கோடு பேசுவதுபோல மெதுவாக வந்தது.

“ஆரு நீ?”

அது தலையைச் சற்றே சரித்தது.

“ஹஸ்மி தம்பி... என்ர பிள்ளைட குரல்ல கதைக்கிறது ஆரு? என்ர பிள்ளை எங்க? தம்பி, வாயைத் திறந்து சொல்லுங்கோவன்!”

நகங்கள் இணைப்பை வெட்டின. முகம் திரும்பியது.

“ஹஸ்மி. தயாரோ?”

நாக்கு அசையவில்லை. திரையில் அவன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பச்சைப் புள்ளி மஞ்சளானது.

“தயாரோ?”

ஹஸ்மி தன் தோளில் ஒரு கனத்தை உணர்ந்தான். கை மாதிரி. மிக மரியாதையான ஒரு கை. கீழே பார்த்தான். அவனுடைய வலது கை, அவனைக் கேட்காமல், கைக்கடிகாரத்தின் வாரைக் கழற்றிக்கொண்டிருந்தது.

“தயார்! தயார்! தயார்!”

கை நின்றது. புள்ளி பச்சையானது. கதிரையில் இருந்தது தலை குனிந்து வேலையைத் தொடர்ந்தது.

எத்தனை முறை பதில் சொல்வது? நித்திரையில்? தொண்டை அடைத்தால்?

“தேத்தண்ணி... தேத்தண்ணி போட்டிட்டு வாறன்,” என்றான். கைப்பேசியை மேசையிலிருந்து மெதுவாக எடுத்தான். அது தடுக்கவில்லை. குசினிக்குள் போனான். விளக்கைப் போடவில்லை. பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே, ஈரச் சாக்கின் மேலே, முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தினான்.

“ஹஸ்மி. தயாரோ?”

“தயார்!”

குப்பை எண்டு ஒண்டும் இல்ல. தேடிப் பார்த்தன். அது தேடியிருக்கிறது. கிடைக்கவில்லை. எல்லாம் தெரிந்த கங்காணிக்குத் தெரியாத ஒரே பெயர். ஒரு தாய் சாவுக்குப் பயந்து வைத்த பெயர். காலையில் கேட்டானே. அதையே போடச் சொல்லிக் கேட்டானே.

கட்டை விரல் கைப்பேசியில் ஓடியது. பட்டியல் திறந்தது. ‘ஊழியர்’ என்ற தன் லேபிளை ஹஸ்மி உரித்தான். பெயர் இருந்த இடத்தை எழுத்தெழுத்தாக அழித்தான். வெற்றிடத்தில், மூச்சுச் சத்தம்கூட வராமல், ‘குப்பை’ என்று எழுதினான். சேமித்தான். உதடுகள் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தன. குப்பை. நான் குப்பை. இங்கே ஆளில்லை. பிழையான வீடு.

தோளில் இருந்த கனம் போய்விட்டது.

காத்திருந்தான். கேள்வி வரவில்லை. பீலித் தண்ணீர் கொட்டியது. தொலைவில் கப்பல் கூவியது. அவன் நெற்றியை முழங்காலில் வைத்து, சத்தமில்லாமல் அழுதான்.

இயந்திர அறைக் கதவு திறந்தது.

வெறுங்கால்கள் நடந்தன. ஈரமில்லாத, சீரான நடை. யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவனுக்குத் தெரிந்த செருமல். சளி பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் பேசுமுன் அவனே செருமுகிற செருமல்.

கதவிடுக்கால் பார்த்தான். அவனுடைய கதிரையின் கீழே இரண்டு பாதங்கள். உள்ளங்கால்கள் பிறந்த குழந்தையினதைப்போல, ஒரு கோடில்லாமல், வெள்ளையாக.

“ஹஸ்மி. தயாரோ?”

“தயார்,” என்றது அவனுடைய குரல்.